பாப்பாக்களும் கொஞ்சம் காத்திருக்கட்டும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். உங்கள் எழுத்தை ஐந்தாறு வருடங்களாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. இதையும் ஒரு கையால் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு கையில் ஒருத்தி தூங்குகிறாள்.

எனக்கு மூன்று குழந்தைகள். மூத்தவனுக்கு இரண்டு வயது எட்டு மாதம். அடுத்தது இரட்டைப் பெண்கள், பிறந்து 11 வாரம் ஆகிறது. 35 வாரத்திலேயே பிறந்துவிட்டார்கள். இரண்டு பேரும் உரித்து வைத்தாற்போல் ஒரே முகம். கணவர் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். பகலில் பெரும்பாலும் நான் மட்டும்தான்.

போன வாரம் இரண்டு பேருக்கும் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூத்தவன் கதவோரம் வந்து நின்றான். என்னைப் பார்த்துக்கொண்டே நின்ற இடத்தில் ஒன்றுக்குப் போய்விட்டான். ஆறு மாதமாக ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் போகிறவன். நான் கத்திவிட்டேன். சின்னதுகள் இரண்டும் திடுக்கிட்டு அழ ஆரம்பித்தன. அவன் ஒன்றும் பேசாமல் போய், பாப்பாக்களுக்கு வாய் துடைக்கிற துணியை எடுத்து வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைத் துடைத்தான். துடைக்கத் தெரியாமல் ஈரத்தை இழுத்து இழுத்துப் பரப்பினான். “சாரிம்மா” என்றான். மடியில் இரண்டு பேர். என்னால் எழுந்து அவனிடம் போகக்கூட முடியவில்லை.

அவனுக்கு நான் துரோகம் செய்துவிட்டேனா அக்கா? மூன்று பேருக்கும் நியாயமாக இருப்பது எப்படி? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சின்னவர்களைத் தனித்தனியாகக் கொஞ்சிய நினைவே எனக்கு இல்லை. பால், டயபர், தூக்கம் என்று வேலையாகத்தான் தெரிகிறார்கள். சில மதியங்களில் மனதில் எதுவுமே இருப்பதில்லை, அழுகைகூட வருவதில்லை. இது எப்போது முடியும்?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் வந்த இரவே படித்தேன். அந்தத் துணியோடு அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பது கண்ணை விட்டுப் போகவில்லை. எனக்கும் ஒரு மூத்தவளும் இரட்டைப் பையன்களும் உண்டு. மூவரும் இப்போது வளர்ந்துவிட்டார்கள். நீங்கள் எழுதியிருப்பதில் எனக்குப் பழக்கமில்லாதது எதுவும் இல்லை.

முதலில் உங்கள் கடைசிக் கேள்வி. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு டாக்டர்கள் வயதை இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒன்று பிறந்த நாளிலிருந்து, இன்னொன்று பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து. 40 வாரத்துக்கு உங்கள் பெண்கள் ஐந்து வாரம் முந்திவிட்டார்கள். அந்த ஐந்தைக் கழித்தால் அவர்களுக்கு இப்போது 6 வாரம்தான். இதைத்தான் திருத்திய வயது என்பார்கள். கைக்குழந்தையின் அழுகை வாரத்துக்கு வாரம் ஏறி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கி, மூன்று நான்கு மாதத்தில் பெருமளவு அடங்கும். குறைமாதக் குழந்தைகளுக்கும் இந்த உச்சம் திருத்திய வயதுப்படிதான் வருகிறது. அதாவது நீங்கள் எனக்கு எழுதிய வாரம்தான் இருப்பதிலேயே மோசமான வாரம். உங்கள் கையில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அவர்கள் வேலையாகத் தெரிவதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது. முகம் பார்த்துச் சிரிப்பதும் இந்தக் கணக்கில் ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் வரும். உங்கள் மகனை வளர்த்தபோது இரண்டு மாதத்தில் அவன் சிரித்திருப்பான். இவர்களுக்கு 11 வாரமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள், அந்தப் பக்கமிருந்து இன்னும் ஒன்றும் திரும்பி வரவில்லை. புதிதாகப் பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். இரண்டு பேருக்கு 16 முதல் 24. தனித்தனியாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் என்று வைத்தாலே எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் அதிலேயே போய்விடும். கொஞ்சுவதற்கு நேரம் எங்கே இருக்கிறது? சேர்த்துக் கொடுக்கப் பழகியிருக்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம். இரவிலும் அப்படியே செய்யுங்கள். ஒருத்தி விழித்தால் மற்றவளையும் எழுப்பிக் கொடுத்துவிடுங்கள். தூங்குகிற குழந்தையை எழுப்ப மனசு வராதுதான். ஆனால் எழுப்பாவிட்டால் உங்களுக்குத் தொடர்ச்சியாக இரண்டு மணி நேரத் தூக்கம்கூடக் கிடைக்காது.

இனி மூத்தவன்.

என் பையன்களுக்கு மூன்று மாதம் இருக்கும். ஒரு மதியம் இரண்டு பேரும் ஒன்றாகத் தூங்கினார்கள், அது அபூர்வம். மூத்தவள் அடுத்த அறையில் பொம்மைகளோடு இருந்தாள். சத்தமே இல்லையே என்று எட்டிப் பார்த்தேன். இரண்டு கரடிகளை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிடித்த பெண் பொம்மையைச் சுவரோரமாகச் சுவரைப் பார்த்து உட்கார வைத்திருந்தாள். தலையைத் திருப்பாமலே அதனிடம் சொன்னாள்: “இரு. பாப்பா அழுது. இரு. இரும்மா, வரேன்.” கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “இரு”. என் குரல்தான், அதே இழுவை. கோபமெல்லாம் அதில் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதைச் சொல்லியிருந்தால் அந்த இழுவை அப்படியே அவள் வாயில் வந்திருக்கும் என்று நினைத்தேன். கடைசிவரை அந்தப் பெண் பொம்மையை அவள் திருப்பவே இல்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. நான் நேரத்தைப் பங்கு போடுவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன், உங்களைப்போல. மூன்றாகப் பங்கிட்டால் அவளுக்கு எவ்வளவு வரும், அது போதுமா என்று. அவளை வாட்டியது அந்தக் கணக்கு இல்லை. எப்போதும் காத்திருக்கிறவள் அவள் ஒருத்திதான் என்பதுதான். பாப்பாக்கள் காத்திருந்ததாக அவள் காதில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

மறுநாளிலிருந்து மாற்றினேன். ஒருவன் சிணுங்க ஆரம்பித்ததும், அவள் என்னிடம் எதையாவது காட்டிக்கொண்டிருந்தால், அவனைப் பார்த்து அவளுக்குக் கேட்கிற மாதிரி சொல்வேன்: “கண்ணா, கொஞ்சம் இரு. அக்கா பேசிட்டு இருக்கா. முடிச்சதும் வரேன்.” அரை நிமிஷம்தான். அந்த அரை நிமிஷம் சிணுங்குவதால் ஆரோக்கியமான குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது, அவனுக்கு அந்த வாக்கியம் புரியப்போவதும் இல்லை. புரிய வேண்டியவள் பக்கத்தில் நிற்கிறாள். முதல் தடவை சொன்னபோது அவள் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பிறகு அவளாகவே, “போம்மா, அவன் அழறான்” என்றாள்.

இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். இரண்டு பேர் அலறும்போது வேண்டாம். சும்மா முனகுகிற நேரத்தில் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போதும்.

கூடவே, பாப்பாக்களைப் பற்றி அவனோடு பேசுங்கள். கேம்பிரிட்ஜில் ஜூடி டன், கேரல் கென்ட்ரிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இரண்டாவது குழந்தை பிறந்த 40 குடும்பங்களை அவரவர் வீட்டுக்கே போய்த் தொடர்ந்து கவனித்து, 1982-இல் அதை வெளியிட்டார்கள். பிறந்த குழந்தையை ஒரு ஆளாக நினைத்து, அதற்கு என்ன வேண்டியிருக்கும், ஏன் அழுகிறது என்று மூத்த குழந்தையோடு சேர்ந்து பேசிய அம்மாக்களின் வீட்டில், பிள்ளைகளுக்குள் பின்னால் நல்ல ஒட்டுதல் இருந்தது. “பாப்பா ஏன்டா அழறா? பசியா, தூக்கமா? நீ என்ன நினைக்கிறே?” அவன் தப்பாகச் சொல்லட்டும். கேட்கிறீர்கள் இல்லையா, அது போதும்.

ஒரு சொல்லை மட்டும் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். ‘பெரியவன்’. நீ பெரியவன் ஆயிட்டே, நீதான் விட்டுக்கொடுக்கணும் என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். ஒரே நாளில் அவன் பெரியவன் ஆனது எப்படி? பக்கத்தில் இரண்டு சின்னவர்கள் வந்தார்கள், அவ்வளவுதான். இரண்டு வயது எட்டு மாதம் குழந்தைதான். ஒன்றுக்குச் சொல்லாமல் போவது, பாட்டில் கேட்பது, மழலையாகப் பேசுவது, தூக்கச் சொல்வது எல்லாம் இந்த நேரத்தில் சகஜம். கொஞ்ச நாளைக்கு டயபரையே போட்டுவிடுங்கள், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல். பாட்டில் கேட்டால் ஒரு வாய் கொடுங்கள், அதோடு விட்டுவிடுவான். திட்டினால்தான் இது நீளும்.

உதவி செய்யச் சொல்லலாம், அவனுக்கு அது பிடிக்கும். ஆனால் டயபர் எடு, துணி எடு என்று எடுபிடி ஆக்கிவிட வேண்டாம். அந்தத் துணியை அவன் தானாக எடுத்து வந்ததை நினைத்துப் பாருங்கள். ஏற்கனவே அம்மாவைச் சமாதானம் பண்ணுகிற வேலையை அவன் எடுத்துக்கொண்டிருக்கிறான். இன்றைக்கே அவனைக் கூப்பிட்டு, அவன் கண்மட்டத்துக்கு உட்கார்ந்து சொல்லுங்கள்: “அன்னிக்கு அம்மா கத்திட்டேன். நீ பயந்துட்டே. தப்பு அம்மா மேல.” ஒரு வாரத்துக்கு முந்தைய விஷயம் அவனுக்கு எங்கே நினைவிருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். இருக்கும்.

உங்கள் கணவர் மாலையில் வந்ததும் என்ன நடக்கிறது? பெரும்பாலான வீடுகளில் அப்பா மூத்ததை வெளியே கூட்டிக்கொண்டு போவார், அம்மா இரட்டையரோடு இருப்பாள். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் அதில் அந்தக் குழந்தைக்கு அம்மா மொத்தமாகவே இல்லாமல் போகிறாள். தலைகீழாக்குங்கள். இரண்டு பேரையும் அவரிடம் கொடுங்கள், அழட்டும், அவர் சமாளிப்பார். நீங்கள் மகனோடு வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்துங்கள். பதினைந்து நிமிஷம். போன் வேண்டாம். என்ன விளையாட்டு என்று அவன் சொல்லட்டும். தினமும் அதே நேரம் இருந்தால் பகலெல்லாம் அதை எதிர்பார்த்திருப்பான். அன்றைக்கு எவ்வளவு அடம் பிடித்திருந்தாலும் தண்டனையாக அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சின்னவர்கள் இருக்கிற அறையில் அவனைத் தனியாக ஒரு நிமிஷம்கூட விட வேண்டாம். அவன் கெட்டது செய்வான் என்று சொல்லவில்லை. குளிருமே என்று பாசத்தோடு போர்வையை முகம் வரை இழுத்து மூடிவிடுகிற வயது அது. பாப்பாக்களை மல்லாக்கப் படுக்க வையுங்கள், ஆளுக்கொரு கெட்டியான படுக்கையில், தலையணையும் தளர்வான போர்வையும் இல்லாமல். வயிற்றில் சேர்ந்து இருந்தவர்கள்தானே என்று ஒன்றாகப் படுக்க வைக்கத் தோன்றும், வேண்டாம். இரண்டு பேரும் ஒன்றாக அலறி உங்களுக்குக் கை நடுங்குகிற நேரம் வந்தால், அவர்களை அந்தப் படுக்கையில் கிடத்திவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் அடுத்த அறையில் இருங்கள். குழந்தையைக் குலுக்குவதுதான் ஆபத்து. அழவிடுவதில் ஆபத்தில்லை.

தனித்தனியாகக் கொஞ்சவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் புதிதாக நேரம் தேட வேண்டாம். டயபர் மாற்றுவதை இரண்டு பேருக்கும் சேர்த்துச் செய்ய முடியாதே. அந்த மூன்று நிமிஷம் ஒருத்திக்கு மட்டும். அவள் பெயரைச் சொல்லி, முகத்துக்கு நேராகக் குனிந்து, எதையாவது பேசுங்கள். இரட்டையர் பலர் கொஞ்சம் தாமதமாகப் பேசத் தொடங்குவதற்கு, தனியாக ஒருவரைப் பார்த்துப் பேசும் பேச்சு அவர்களுக்குக் குறைவாகக் கிடைப்பதும் ஒரு காரணம். யார் யாரென்று நடுராத்திரியில் குழப்பம் வந்தால் ஒருத்தியின் கால் கட்டைவிரல் நகத்தில் நெயில் பாலிஷ் வைத்துவிடுங்கள். கைவிரல் வேண்டாம், வாய்க்குப் போகும். நான் ஒரு தடவை ஒருவனுக்கே இரண்டு முறை பால் கொடுத்துவிட்டு, மற்றவன் ஏன் அழுகிறான் என்று அரை மணி நேரம் தூக்கிக்கொண்டு நடந்தேன். அதன்பிறகு தலைமாட்டில் ஒரு நோட்டு. பக்கத்துக்கு இரண்டு பத்தி, ஆளுக்கொன்று, பால் குடித்த நேரம் எழுதுவேன். ஒருநாள் பார்த்தால் மூன்றாவதாக ஒரு பத்தி, கிரேயானில், மேலிருந்து கீழ்வரை கிறுக்கல். யார் கிறுக்கியது என்று சொல்லவேண்டியதில்லை. அன்றிலிருந்து மூன்று பத்தியாகவே எழுதினேன். அவளுடையதில் அன்று அவள் சொன்னது ஏதாவது ஒரு வரி இருக்கும்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. சில மதியங்களில் எதுவுமே இல்லை, அழுகைகூட வருவதில்லை என்பது. பிரசவமான புதிதில் பெரும்பாலானவர்களுக்கு மனம் துவளும், ஆனால் அது இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். உங்களுக்கு 11 வாரம் ஆகிவிட்டது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இரட்டைக் குழந்தை பெற்றவர்களுக்கு இன்னும் அதிகமாக வருகிறது. அது ஒரு நோய், வைத்தியம் உண்டு, குணமாகும். பால் கொடுக்கும்போதே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. தூக்கம் கெட்டதால்தான், நாளாக ஆக சரியாகும் என்று நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்ளாதீர்கள். நான் அப்படிச் சொல்லிச் சொல்லியே ஐந்து மாதத்தை ஓட்டினேன், இன்றுவரை அந்த ஐந்து மாதம் எனக்கு மங்கலாகத்தான் இருக்கிறது. இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். எனக்கு எழுதிய அந்த வரியை அப்படியே அவரிடம் காட்டினால் போதும். உங்களையோ குழந்தைகளையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற நினைப்பு ஒரு கணம் வந்தாலும் அன்றைக்கே போங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு.

போய்விட்டு வந்து ஒரு வரி எழுதுங்கள். நீளமாக வேண்டாம், ஒரு கையால் தட்டுகிற அளவு போதும். பாப்பாவைக் காத்திருக்கச் சொன்னபோது மகன் என்ன செய்தான் என்றும் சொல்லுங்கள். தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா