வீடு மாற்றும்போது கண்ணாடி, பீங்கான் பாத்திரங்களை உடையாமல் கொண்டுபோவது எப்படி?

சென்னையிலிருந்து மதுரைக்கு வீடு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பீங்கான் தட்டுகள், கண்ணாடி டம்ளர்கள், அம்மா கொடுத்த ஊறுகாய் ஜாடி எல்லாம் முழுசாகப் போய்ச் சேர எவ்வளவு பபிள் ராப் வாங்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி. பபிள் ராப் கணக்கைப் பிறகு பார்க்கலாம், முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

கணவருக்கு வங்கி வேலை என்பதால் மாற்றல் வருவதும் சாமான் கட்டுவதும் எங்கள் வீட்டில் பழகிப்போன விஷயம். நான் பார்த்தவரை, பெட்டி கைநழுவி விழுந்து பாத்திரம் உடைவது குறைவு. உள்ளே ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு உடைவதுதான் அதிகம். சுமார் 460 கிலோமீட்டர், ஒவ்வொரு வேகத்தடைக்கும் பெட்டி ஒரு துள்ளு துள்ளும். உள்ளே ஒரு விரல் அசைய இடம் இருந்தாலும் தட்டு தட்டோடு மோதும். அதனால் மூடுவதற்கு முன் பெட்டியை லேசாக ஆட்டிப் பாருங்கள். கலகலவென்று ஏதாவது சத்தம் வந்தால் திறந்து, இன்னும் கொஞ்சம் காகிதம் திணிக்க வேண்டும்.

பெட்டி சின்னதாக இருக்கட்டும். அட்டைப் பெட்டிக் கடையில் 3 பிளையா, 5 பிளையா என்று கேட்பார்கள், பிளை என்றால் அட்டையின் அடுக்கு. பீங்கானுக்கு 5 பிளைதான். ஒரு பெட்டி 12, 15 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தூக்குபவர் பாதி வழியில் தரையில் வைத்து இழுப்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. அடியில் நடுக்கோட்டில் மட்டும் டேப் ஒட்டினால் போதாது, இரண்டு ஓரங்களிலும் குறுக்கே ஒட்டுங்கள். பெட்டிக்குள் முதலில் கசக்கிய காகிதத்தை இரண்டு அங்குலத்துக்கு மெத்தை மாதிரி பரப்புங்கள். கசக்கிய காகிதம்தான் அதிர்ச்சியைத் தாங்கும். மடித்து வைத்தால் பிரயோஜனம் இல்லை.

தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள். படுத்திருக்கும் அடுக்கில் மேலே உள்ள அத்தனை தட்டின் எடையும் அடித்தட்டின் மேல் இறங்கும். ஒரு குலுக்கலில் அதன் நடுவில் விரிசல் விட்டுவிடும். ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, பாத்திரம் கழுவும் ஸ்டாண்டில் நிற்பதுபோல் விளிம்பில் நிறுத்தி வையுங்கள். கடாயின் கண்ணாடி மூடிகளும் இப்படித்தான்.

கோரெல் தட்டு உடையாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது மூன்று அடுக்குக் கண்ணாடியைச் சேர்த்துச் செய்தது, சாதாரணப் பீங்கானைவிட நிறையத் தாங்கும், உண்மைதான். ஆனால் விளிம்பில் ஓர் அடி சரியாகப் பட்டால் ஓரம் மட்டும் பெயராது, மொத்தமும் சில்லுசில்லாகிவிடும். அதையும் தாள் வைத்தே சுற்றுங்கள்.

கண்ணாடி டம்ளரை ஒன்றுக்குள் ஒன்று செருகவே கூடாது. வழியில் இறுகிக்கொள்ளும், பிரிக்கும்போது விரிசல் விடும், கையும் கிழியும். ஒவ்வொன்றுக்குள்ளும் காகிதத்தைத் திணித்து, வெளியிலும் சுற்றி, வாய் மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். உள்ளே அறை அறையாக அட்டைத் தடுப்பு உள்ள மதுபாட்டில் பெட்டி கிடைத்தால் விடாதீர்கள், டம்ளருக்கென்றே செய்ததுபோல் இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தால் வெளியே பிரவுன் பேப்பர் ஒட்டிவிடலாம்.

எவர்சில்வரையும் கண்ணாடியையும் ஒரே பெட்டியில் போடவே போடாதீர்கள். ஒரு எவர்சில்வர் கரண்டி போதும், மதுரை போய்ச் சேருவதற்குள் ஒரு டஜன் கப்பைக் காலி செய்துவிடும்.

ஊறுகாய் ஜாடியைக் காலி செய்து, கழுவி, காயவைத்துத்தான் கட்ட வேண்டும். ஊறுகாயோடு அனுப்பினால் எண்ணெய் கசிந்து பெட்டி நனையும், நனைந்த அட்டைக்கு வலுவே இருக்காது. ஊறுகாயை மூடி இறுகும் டப்பாவுக்கு மாற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஜாடியின் மூடியைத் தனியாகச் சுற்றுங்கள். மேலேயே வைத்து டேப் ஒட்டினால் முதலில் உடைவது அந்த மூடிதான்.

மண்சட்டி, கல்சட்டி இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால், செய்தித்தாளை நேராக அவற்றின் மேல் சுற்ற வேண்டாம். மண்சட்டியின் நுண்துளைகளில் மையும் வாடையும் ஏறிவிடும். பழைய வேட்டி, காட்டன் புடவை, துண்டு, இவைதான் நல்லது. எப்படியும் ஊருக்குக் கொண்டுபோகிற துணிதானே, காசும் மிச்சம். மானாமதுரைப் பக்கம் பானை ஏற்றுகிற வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள், பானைக்கும் பானைக்கும் நடுவே வைக்கோலைத்தான் திணித்திருப்பார்கள். எந்த பபிள் ராப்புக்கும் குறைந்ததில்லை அது. கல்சட்டி மாக்கல்லில் குடைந்தது, கனம் அதிகம், ஆனால் கல் மென்மையானது. அதற்குத் தனிப்பெட்டி கொடுங்கள், மேலே எதையும் ஏற்ற வேண்டாம்.

பலரும் மறப்பது மைக்ரோவேவ் உள்ளே சுழலும் கண்ணாடித் தட்டு. அதை வெளியே எடுத்துத் தனியாகக் கட்டுங்கள். கிரைண்டர் கல்லும் அப்படியே. பானைக்குள் விட்டால் ஆடி ஆடி மூடியையும் நடுத்தண்டையும் பதம் பார்க்கும். கண்ணாடி மேற்பரப்பு உள்ள கேஸ் அடுப்பில் பர்னர், தாங்கிகளைக் கழற்றிவிட்டு, நான்கு மூலைகளுக்கும் தெர்மாகோல் வையுங்கள். அந்தக் கண்ணாடிக்கு ஓரமும் மூலையும்தான் பலவீனம். உள்ளே கண்ணாடி வைத்த பழைய பிளாஸ்க் இருந்தால் மடியில் வைத்துக்கொண்டு போங்கள், வேறு வழி இல்லை.

கேஸ் சிலிண்டரை வண்டியில் ஏற்றாதீர்கள். வேறு ஊருக்குப் போகிறீர்கள் என்பதால் ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, இணைப்பை முடித்துக்கொண்டதற்கான சீட்டை (டெர்மினேஷன் வவுச்சர்) வாங்குங்கள். மதுரையில் புது இணைப்புக்கு அதைக் காட்ட வேண்டும்.

இப்போது பபிள் ராப். எல்லாவற்றுக்கும் வேண்டாம். ஊறுகாய் ஜாடி, பெரிய கண்ணாடிக் கிண்ணம், அடுப்பு, மைக்ரோவேவ் தட்டு என்று ஒற்றையாக, கனமாக இருப்பவற்றுக்கு மட்டும் போதும். மற்றதெல்லாம் காகிதமும் துணியும் பார்த்துக்கொள்ளும். பழைய பேப்பர் கடையில் சில கிலோ வாங்கினால் பபிள் ராப் விலையில் கால்வாசிகூட ஆகாது என்பது என் அனுபவம்.

பெட்டியின் மேல் 'உடையும் பொருள்' என்று தமிழில் மட்டும் எழுதினால் ஏற்றுபவருக்குப் புரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, இன்று பாதிப் பேர் வடமாநிலத்தவர். ஒரு கண்ணாடிக் கோப்பைப் படமும், மேல்நோக்கிய அம்பும் போடுங்கள், நான்கு பக்கமும். ஏற்றும்போது டிரைவர் கேபினை ஒட்டியே பெட்டிகள் வரட்டும், வண்டியின் வால்பக்கம்தான் அதிகம் துள்ளும். குட்டி யானையாக இருந்தாலும் லாரியாக இருந்தாலும் இதே கதைதான். வேறு வீட்டுச் சாமானோடு சேர்த்து ஏற்றும் ஷேரிங் லோடு மலிவுதான், ஆனால் நடுவில் ஏதாவது ஒரு குடோனில் இறக்கி ஏற்றுவார்கள். பீங்கான் நிறைய இருந்தால் நான் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பேக்கர்ஸ் ஆட்களை வைத்தால், நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்கு நஷ்டஈடு உண்டா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் தாங்கள் கட்டிய பெட்டிக்கு மட்டும்தான் பொறுப்பு என்பார்கள். கட்டுவதற்கு முன் போனில் படம் எடுத்து வைப்பதும் நல்லது.

பால் காய்ச்சும் பாத்திரம், காபி பில்டர், நாலு டம்ளர், தீப்பெட்டி, கொஞ்சம் சர்க்கரை, இவற்றை ஒரு பையில் போட்டு உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். புது வீட்டில் முதல் வேலைக்கு எந்தப் பெட்டியையும் பிரிக்க வேண்டியிருக்காது.

பிரிக்கும்போது தரையில் போர்வை விரித்து அதன் மேல் பிரியுங்கள். காகிதத்தை உடனே குப்பையில் போடாமல் ஒவ்வொன்றாக உதறிப் பாருங்கள். சர்க்கரைக் கிண்ணத்தின் மூடி, உப்புக் குடுவை, சின்னப் பீங்கான் கரண்டி எல்லாம் கசங்கிய தாளோடு தாளாகத்தான் காணாமல் போகும்.