ஸ்நார்க்கல் மட்டும் போதுமா?

கேள்வி: ஜூலையில் மணாலியிலிருந்து லே வரை மஹிந்திரா தார் ஜீப்பில் செல்லவிருக்கிறேன். சாலையின் குறுக்கே ஓடும் ஓடைகளைக் கடக்க ஸ்நார்க்கல் பொருத்தினால் போதுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போதாது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் இடத்தைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோவதுதான் ஸ்நார்க்கலின் வேலை. ஏர் ஃபில்டர் பெட்டியின் இணைப்புகளில் கசிவு இருந்தால் அதுவும் வெறும் அலங்காரமே. பலரும் மறப்பது டிஃபரன்ஷியலை, அதாவது எஞ்சின் விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டியை. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய அது பனிநீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மேலுள்ள சிறு மூச்சுக்குழாய் வழியாக நீரை இழுத்துக்கொள்ளும் என்பதால், அந்தக் குழாயை நீட்டி எஞ்சின் அறையின் மேற்பகுதியில் கட்டச் சொல்லுங்கள். பயணம் முடிந்ததும் டிஃபரன்ஷியல் ஆயிலைப் பாருங்கள்; பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உடனே மாற்றிவிட வேண்டும்.

புதிய தாருக்கு நிறுவனம் குறிப்பிடும் 650 மில்லிமீட்டர் ஆழத்தை, பாய்ந்து வரும் நீரில் அப்படியே நம்ப வேண்டாம். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் நான் இறங்கமாட்டேன். வெயில் ஏற ஏறப் பனி உருகிப் பிற்பகலில் ஓடைகள் பெருகுவதால், விடிந்ததும் கடப்பதே உத்தமம். லோ ரேஞ்சில் (நான்கு சக்கர இயக்கத்தின் மெதுவான, இழுவிசை மிகுந்த நிலையில்), முதல் கியரில், கிளட்சைத் தொடாமல் சீராகச் செல்லுங்கள். நடுநீரில் எஞ்சின் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது: சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும்.