நீட் தேர்வில் கால்குலேட்டர் உண்டா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள், கால்குலேட்டர் இல்லாமல் இயற்பியல் கணக்கைத் தொடுவதே இல்லை. லண்டனில் என் அண்ணன் மகன் எழுதிய மருத்துவ நுழைவுத் தேர்வில் கணினித் திரையிலேயே கால்குலேட்டர் இருந்ததாம். நீட்டில் உண்டா? லாக் புத்தகமாவது எடுத்துப் போகலாமா?

பதில்: இரண்டுக்கும் அனுமதி இல்லை. நீட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் தடைப் பட்டியலில் கால்குலேட்டர், லாக் அட்டவணை இரண்டும் இருக்கின்றன. கைக்கடிகாரம்கூடக் கட்டிக்கொண்டு போக முடியாது. உங்கள் அண்ணன் மகன் எழுதியது யூகேட்டாக இருக்கும். அதில் திரையில் எளிய கால்குலேட்டர் வரும். அமெரிக்காவின் எம்கேட்டில் அதுவும் கிடையாது.

கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கும் இந்த விதி தெரியும் என்பதால், பெரும்பாலான கணக்குகள் கையால் சுருக்கக்கூடியவையாகவே வரும். சுருக்கத் தெரியாதவர்கள்தான் திணறுகிறார்கள். 400 நானோமீட்டர் ஒளியின் ஃபோட்டான் ஆற்றலைக் கேட்டால், பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம் என்று பெருக்கி வகுத்து நேரத்தைக் கரைப்பவர்கள் உண்டு. அந்த இரண்டின் பெருக்கல், எலக்ட்ரான் வோல்ட்-நானோமீட்டர் அலகில், சுமார் 1240. அதை 400-ஆல் வகுத்தால் போதும்: 3.1 எலக்ட்ரான் வோல்ட். வாயு மாறிலி 8.314-ஐ 25/3 என்று வைத்துக்கொண்டால், 300 கெல்வின் வெப்பநிலையோடு அதைப் பெருக்கினால் சட்டென்று 2,500 வந்துவிடும். லாக் 2 = 0.301, லாக் 3 = 0.477 இரண்டும் மனப்பாடமாக இருக்கட்டும். லாக் 5, லாக் 6 எல்லாம் இவற்றிலிருந்தே வரும். 0.002 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஹெச் எவ்வளவு? 0.002 என்பது 2-ஐ 1,000-ஆல் வகுத்தது; ஆயிரத்தின் லாக் 3, அதில் லாக் 2-இன் 0.3 போக 2.7.

ஆனால் தோராயமாகப் போடும் முன் நான்கு விடைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அவை தள்ளித் தள்ளி இருந்தால் தாராளமாக முழு எண்ணாக்கலாம். 2.4, 2.5 என்று ஒட்டி இருந்தால் கூடாது. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போய்விடும்.

180 கேள்விக்கு 180 நிமிடம். அதில் பாதி, அதாவது 90 கேள்விகள், உயிரியல். அதை ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் கணக்குக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

இன்றே மகளிடமிருந்து கால்குலேட்டரை வாங்கி எடுத்து வைத்துவிடுங்கள், விடை சரிபார்க்கக்கூடக் கொடுக்க வேண்டாம். முதல் சில வாரம் மதிப்பெண் இறங்கும், திட்டாதீர்கள். மாதிரித் தேர்வில் வெள்ளைத்தாள் கொடுக்காமல், வினாத்தாளில் இருக்கும் இடத்திலேயே கணக்குப் போடப் பழக்குங்கள். நீட்டிலும் அந்த இடம்தான். விடைகளைக் குறிக்கும் ஓஎம்ஆர் தாளில் கிறுக்கக் கூடாது.