வாட்ஸ்அப்ல வந்த டைவர்ஸ் பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க

கேள்வி: கோயில்ல கல்யாணம் நடந்து நாலு வருஷம், இந்து திருமணச் சட்டத்துல ரெஜிஸ்டர் ஆகியிருக்கு. ஹெச்-4 விசால (அங்க வேலை விசால இருக்கறவரோட மனைவிக்கு கிடைக்கறது) அமெரிக்கா கூட்டிட்டு போன என் வீட்டுக்காரர் லீவுன்னு சொல்லி கூட்டி வந்து மாமியார் வீட்ல விட்டுட்டு என் பாஸ்போர்ட்டையும் எடுத்துட்டு போயிட்டார். இப்ப அங்க டைவர்ஸ் கேஸ் போட்டு சம்மனை வாட்ஸ்அப்ல அனுப்பி, "கையெழுத்து போட்டு அனுப்பு, போடலைன்னாலும் கிடைச்சிடும்"ங்கறார். மாமியார், "வீடு என் பேர்ல இருக்கு, கெளம்பு"ங்கறாங்க. நகை அவங்க லாக்கர்ல. எனக்கு வருமானம் இல்ல. என்ன பண்றது?

பதில்: சகோதரி, முதல்ல அந்த பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க, "சரி, ஓகே"ன்னு ஒரு மெசேஜ் கூட பதிலுக்கு போட்டுடாதீங்க, ஏன்னா உங்க கைல இருக்கற பெரிய பலமே நீங்க இன்னும் சம்மதிக்கலங்கறதுதான். 1991ல நரசிம்ம ராவ் எதிர் வெங்கடலட்சுமி கேஸ்ல இதே கதைதான், புருஷன் அமெரிக்காவுல மிசௌரி கோர்ட்ல "உறவு சரிசெய்ய முடியாம முறிஞ்சிடுச்சு"ன்னு டைவர்ஸ் வாங்கிட்டார், நம்ம சுப்ரீம் கோர்ட் அது இங்க செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அந்தக் காரணம் இந்து திருமணச் சட்டத்துல இல்ல, மனைவியும் அந்த கோர்ட்டோட அதிகாரத்த ஏத்துக்கல. இதுல கவனமா இருக்கவேண்டிய இடம் ஒண்ணு இருக்கு, நீங்களா அங்க வக்கீல் வெச்சு கேஸ்ல வாதாட ஆரம்பிச்சிட்டா இல்ல சம்மதிச்சிட்டா அந்த தீர்ப்பு உங்களையும் கட்டுப்படுத்த வாய்ப்பிருக்கு. அதுக்காக சம்மனை அப்படியே விட்டுடவும் கூடாது, அந்த கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லங்கற ஆட்சேபணைய மட்டும் எப்படி பதிவு பண்றதுன்னு ஒரு வக்கீல்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க. வாட்ஸ்அப் சம்மன் பத்தியும் சொல்லிடறேன், வெளிநாட்டு கோர்ட் சம்மன், நாடுகளுக்குள்ள கோர்ட் பேப்பர் அனுப்பறதுக்கான ஹேக் ஒப்பந்தப்படி நம்ம மத்திய சட்ட அமைச்சகம் வழியா வரணும், நேரா தபால்ல அனுப்பறதையே இந்தியா ஏத்துக்கறதில்ல. அங்க இருக்கற ஜட்ஜ் வாட்ஸ்அப்ப ஒத்துக்கிட்டாலும் இங்க எதிர்த்து பேச அது நல்ல பாயிண்ட்.

அடுத்து வீடு. "என் பேர்ல இருக்கு"ன்னு சொன்னா போதும்னு மாமியார்கள் ரொம்ப காலம் நெனச்சிட்டிருந்தாங்க, கோர்ட்டும் அப்படி நெனச்ச காலம் உண்டு. 2020ல சதீஷ் சந்தர் அகுஜா தீர்ப்பு அத மாத்திடுச்சு, மருமக நிலையா குடியிருந்த வீடு மாமனார் மாமியார் பேர்ல இருந்தாலும் அது சட்டம் சொல்ற 'பகிர்ந்து வாழும் வீடா' (புருஷனோட குடும்பமா குடியிருந்த வீடு) இருக்கலாம், 2005 குடும்ப வன்முறை சட்டம் 17ஆம் பிரிவுப்படி சட்ட வழி இல்லாம உங்கள வெளிய தள்ள முடியாது. அதுக்குன்னு காலத்துக்கும் அங்கயே இருக்கற உரிமைன்னு எடுத்துக்காதீங்க, வயசானவங்க நிலைமையையும் கோர்ட் பாக்கும், வேற வீடோ வாடகையோ கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம். ஆனா அத முடிவு பண்ண வேண்டியது மாஜிஸ்ட்ரேட், மாமியார் இல்ல.

அந்த குடும்ப வன்முறை சட்டத்துல மனு போட அமெரிக்கா போக வேண்டாம், 27ஆம் பிரிவு நீங்க தற்காலிகமா தங்கியிருக்கற இடத்து கோர்ட்டுக்கே அதிகாரம் கொடுக்குது, அம்மா வீட்டுக்கு போயிட்டாலும் அங்கயே போடலாம். இந்த சட்டத்துக்குன்னு அரசு நியமிச்சிருக்கற பாதுகாப்பு அலுவலரப் பாருங்க, ஃபீஸ் பத்தி யோசிக்காதீங்க, பெண்ணுங்கறதுனாலயே வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச சட்ட உதவி உங்களுக்கு உண்டு, 15100க்கு கூப்பிட்டா வழி சொல்வாங்க. உடனடி ஆபத்துன்னா மகளிர் உதவி எண் 181.

நகை உங்களோடது. ஸ்ரீதனம், அதாவது கல்யாணத்துல பொண்ணுக்குன்னு கொடுத்த நகை, பொருள், மனைவியோட முழு சொத்துன்னு 1985லயே பிரதிபா ராணி கேஸ்ல சொல்லியாச்சு, லாக்கர் யார் பேர்ல இருந்தா என்ன. கல்யாண ஆல்பத்த எடுத்து உங்க மேல இருக்கற ஒவ்வொரு நகைக்கும் நம்பர் போட்டு, ஆரமா அட்டிகையா, யார் போட்டது, பில் இருக்கான்னு ஒரு நோட்ல எழுதிடுங்க, ஏன்னா கோர்ட்ல "நெறைய நகை"ன்னு சொன்னா யாருக்கும் புரியாது.

பாஸ்போர்ட்டுக்கு போலீஸ்ல புகார் கொடுக்கும்போது "தொலஞ்சு போச்சு"ன்னு எழுதச் சொல்லி யாராவது சொன்னா கேக்காதீங்க, புருஷன் எடுத்துட்டு போயிட்டார்னு நடந்தத எழுதுங்க. பாஸ்போர்ட் சட்டம் 17ஆம் பிரிவுப்படி அது மத்திய அரசோட சொத்து, அவரோடது இல்ல. அவர் வராமலே இழுத்தடிச்சா, இங்க கோர்ட் வாரண்ட் போட்டதுக்கு அப்புறம் அதே சட்டத்துல அவர் பாஸ்போர்ட்ட முடக்கவும் கேக்கலாம், தேசிய மகளிர் ஆணையத்துல என்ஆர்ஐ கல்யாண புகாருக்குன்னு தனி பிரிவே இருக்கு.

ஜீவனாம்சத்துக்கு அவர் சம்பளத்த காட்டணும், 2020 ரஜ்னேஷ் எதிர் நேகா தீர்ப்புப்படி ரெண்டு பேரும் வருமான அஃபிடவிட் கொடுக்கணும்னு இருந்தாலும் அவர் குறைச்சுதான் சொல்வார், அதான் நடக்கும். உங்க ஹெச்-4 விசாவுக்கு அப்ளை பண்ணப்ப அவர் ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப் எல்லாம் உங்க மெயிலுக்கு அனுப்பியிருப்பார்ல, இன்னைக்கே தேடி எடுங்க, பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும்னா முதல்ல அத மாத்திட்டு அப்புறம் டவுன்லோடு பண்ணுங்க.