கேட்டு எடுப்பதா, கேட்காமல் எடுப்பதா?

அன்புள்ள ஐயா,

ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில், அப்பா ஆரம்பித்த ஸ்டூடியோவை நடத்திவருகிறேன். பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், காதுகுத்து என்று வேலைக்குக் குறைவில்லை. ஆனால் மனித முகங்களை எனக்காக எடுக்கவேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வாரச்சந்தைக்குக் கேமராவோடு போவேன். ஒருவரை நெருங்கும்போதே நெஞ்சு படபடக்கும். திட்டிவிடுவார்களோ, எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது என்று தயங்கி, கடைசியில் தூரத்தில் நின்று ஜூம் பண்ணி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவேன். வீட்டில் பார்த்தால் எதிலும் உயிர் இருக்காது. ஒரு பயிலரங்கில், ‘கேட்டால் முகம் மாறிவிடும். கேட்காமல் எடுத்துவிட்டு நகர்ந்துவிடு, போகப்போகப் பயம் போய்விடும்’ என்றார்கள். எனக்கு அது வரவில்லை. இன்னொன்று, இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் எடுக்கத் தோன்றுவதில்லை. நண்பர்கள் காசிக்குப் போய்வரச் சொல்கிறார்கள். போனால் உந்துதல் கிடைக்குமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் பயம் முழுதாகப் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கல்யாண மேடையில் ஏறி, மண்டபமே பார்த்திருக்க, மாப்பிள்ளையின் முகவாயைத் தொட்டுத் திருப்பி வைக்கிறவர் நீங்கள். உங்களைக் கூச்ச சுபாவம் என்று சொல்லமுடியாது. அங்கே உங்களை அழைத்திருக்கிறார்கள். சந்தையில் யாரும் அழைக்கவில்லை. தக்காளி விற்கிற அம்மாவிடமிருந்து ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு போகப்போகிறீர்கள், திருப்பிக் கொடுக்க உங்களிடம் எதுவும் இல்லை. அதனால்தான் படபடக்கிறது. பயிலரங்கில் சொன்ன வழியில் போனால் இது மரத்துப்போகும், உண்மைதான். எதிரில் இருப்பவர்மீது உள்ள கவனமும் சேர்ந்தே மரத்துப்போகும். முகங்களை எடுக்க ஆசைப்படும் ஒருவர் அதை இழந்துவிட்டு எதை எடுக்கப்போகிறார்?

டோரதியா லாங் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரரைப் பற்றிச் சொல்கிறேன். அவரும் உங்களைப்போல ஸ்டூடியோக்காரர்தான். 1919-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டூடியோ திறந்து, வசதியான குடும்பங்களை எடுத்து நன்றாகவே நடத்திவந்தார். பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே வேலையிழந்தவர்கள் அலைவதைப் பார்த்தபிறகு உள்ளேயே உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. 1933-இல் தெருவில் இறங்கினார். இலவச உணவுக்காக ஆட்கள் நின்ற வரிசைக்குப் போகும்போது துணைக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, தகரக் குவளையைக் கைகளுக்கு நடுவே வைத்து, மரக்கட்டையில் சாய்ந்து நிற்கும் ஒரு மனிதரை அங்கே எடுத்தார். தொப்பி கண்களை மறைக்கிறது. ஆனாலும் அவருடைய தனிமை முழுக்கத் தெரிகிற படம் அது. துணைக்கு ஆள் வேண்டியிருந்ததில் ஒரு குறைவும் இல்லை. நீங்களும் முதலில் ஒரு நண்பரோடு போங்கள்.

லாங்குக்கு ஏழு வயதில் போலியோ வந்து, வாழ்நாள் முழுக்க ஒரு காலைச் சாய்த்துத்தான் நடந்தார். முன்பின் தெரியாதவர்களை எடுக்கும்போது அந்த நடை தனக்குப் பெரிய துணையாக இருந்தது என்று பின்னாளில் சொன்னார். குறையில்லாமல் நிமிர்ந்து வருகிறவரைவிட நொண்டி வருகிறவரிடம் மக்கள் கனிவாக இருக்கிறார்களாம். அவர் வேலை செய்த விதம் இன்னும் முக்கியம். வேலை தேடி அலைந்தவர்களின் முகாமுக்குப் போனால் தரையில் உட்கார்ந்துவிடுவார். அழுக்குக் கையோடு வரும் குழந்தைகள் கேமராவைத் தொட்டுப் பார்க்க விடுவார். குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கி, அதை நிதானமாகக் குடிப்பார். அவர்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதற்கு முன்னால் தன்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். அந்தத் தண்ணீரில்தான் நான் நெடுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன். கேட்டு வாங்குகிறவர் அந்த நிமிடத்தில் விருந்தாளி ஆகிவிடுகிறார், கொடுத்தவர் வீட்டுக்காரர் ஆகிவிடுகிறார். இருவருக்கும் நடுவே ஒரு உறவு வந்துவிடுகிறது.

இதே லாங்கின் மிகப் பிரபலமான படம் இந்த முறையில் எடுக்கப்பட்டதல்ல என்பதையும் சொல்லவேண்டும். 1936 மார்ச்சில், கலிஃபோர்னியாவில் நிப்போமோ என்ற இடத்தில், பட்டாணி பறிக்க வந்து வேலையில்லாமல் சிக்கிக்கொண்டவர்களின் முகாம். வழியில் அந்த முகாமின் பலகையைப் பார்த்தும் நிற்காமல் இருபது மைல் ஓட்டிப்போய், மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பினார். கூடாரத்தில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு தாயை நெருங்கி நெருங்கிச் சில படங்கள் எடுத்துவிட்டுச் சில நிமிடங்களில் கிளம்பிவிட்டார். பெயரைக் கேட்கவில்லை. அந்தப் படங்கள் பத்திரிகையில் வந்து, முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறு இடத்துக்குப் போய்விட்டிருந்தது. அந்தத் தாய் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1978-இல்தான். ‘இந்தப் படத்தை எடுக்காமலேயே இருந்திருக்கலாம், அவள் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை’ என்ற வருத்தம்தான் அவருக்கு இருந்தது. மகத்தான படம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த அம்மாவின் வருத்தமும் நியாயமானது. சந்தையில் உங்கள் கையை நடுங்கவைப்பது இதுபோன்ற வருத்தத்துக்கு நாமும் காரணமாகிவிடுவோமோ என்ற எண்ணம்தான். அதை மதியுங்கள்.

எனவே பெயர் கேளுங்கள். இங்கிலாந்தில் கவிஞர் டென்னிசனையும் விஞ்ஞானி டார்வினையும் படம் எடுத்த ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற புகைப்படக்காரர், 1875-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879-இல் அங்கேயே இறந்தார். அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் ஊர்மக்களையும் எடுத்தார். ஒரு படத்தின் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர்களின் குழு’ என்பதோடு முடிகிறது. அவர்கள் யார் என்று இன்று யாராலும் சொல்லமுடியாது. எனக்கு இது தாங்கமுடியாத விஷயம்.

சரி, உந்துதலுக்கு வருகிறேன். காசிக்குப் போகவேண்டாம். கும்பிடப் போவதானால் தாராளமாகப் போங்கள். படத்துக்காகப் போனால், எல்லோரும் எடுத்த அதே ஜடாமுடியையும் புகையையும் சுருக்கம் விழுந்த கன்னத்தையும்தான் நீங்களும் எடுத்து வருவீர்கள். அந்தப் படங்களில் முதுமையும் வறுமையும் வெறும் தோல்வரிகளாகிவிடுகின்றன.

மாலி நாட்டின் பமாக்கோ நகரில் சேய்டு கேய்ட்டா 1948-இல் ஒரு ஸ்டூடியோ திறந்தார். ஊர் சுற்றவில்லை, வாடிக்கையாளர்கள் அவரைத் தேடி வந்தார்கள். வீட்டு முற்றத்தில், பகல் வெளிச்சத்தில், தன் படுக்கை விரிப்பையே பின்புறம் தொங்கவிட்டு எடுத்தார். ஃபிலிம் விலை காரணமாகப் பெரும்பாலும் ஆளுக்கு ஒரே கிளிக். கைக்கடிகாரம், ரேடியோ, ஸ்கூட்டர் எல்லாம் ஸ்டூடியோவிலேயே இருக்கும், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். தன்னை உலகம் எப்படிப் பார்க்கவேண்டும் என்று ஒவ்வொருவரும் ஆசைப்பட்டார்களோ, அந்த ஆசையையே அவர் எடுத்தார். பிழைப்புக்கு எடுத்த அந்தப் படங்கள் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

உங்களிடமும் ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. முதியோர் உதவித்தொகைக்கு மனுப்போடும் பாட்டி, முதல் வேலைக்கு விண்ணப்பிக்கும் பையன், பாஸ்போர்ட் எடுத்து வெளிநாடு போகப்போகிறவர் எல்லோரும் தாங்களாகவே வந்து உங்கள் ஸ்டூலில் உட்காருகிறார்கள். பாஸ்போர்ட் படம் எடுத்து முடித்ததும், ‘ஆச்சுங்களா?’ என்று கேட்டுத் தோளைத் தளர்த்துவார்களே, அப்போது ஒரு முகம் வருகிறது. நீங்கள் அதைத் தினமும் பார்த்திருப்பீர்கள், படமாக எடுக்க நினைத்திருக்கமாட்டீர்கள். ‘உங்களுக்கு எடுத்தாச்சு, எனக்காக ஒண்ணு எடுத்துக்கட்டுமா?’ என்று கேளுங்கள். ஃப்ளாஷை அணைத்துவிட்டு, ஸ்டூலை வாசல் பக்கம் நகர்த்துங்கள். வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் போதும். சந்தைக்கு அப்புறம் போகலாம்.

சந்தைக்குப் போகும்போது ஜூம் லென்ஸை வீட்டில் வைத்துவிட்டு ஜூம் இல்லாத 50 எம்.எம். லென்ஸ் மட்டும் கொண்டுபோங்கள். இடுப்புவரை எடுக்கவேண்டுமானால் ஒன்றரை, இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்கவேண்டிவரும். அது சாதாரணமாகப் பேசுகிற தூரம், பேசாமல் அங்கே நிற்கமுடியாது. திரையைத் திருப்பி மார்பளவில் கேமராவை வைத்து எடுத்தால் உங்கள் முகம் மறையாது, பேச்சும் அறுபடாது. கேட்டால் முகம் மாறும் என்று பயிலரங்கில் சொன்னது சரிதான், முதல் படத்தில் விறைப்பாகத்தான் இருப்பார்கள். விறைப்பும் அவர்களுடைய முகம்தான், அதையும் எடுங்கள். பேசிக்கொண்டே இருங்கள், கொஞ்ச நேரத்தில் அது தளர்ந்துவிடும்.

மறுப்பவர்கள் இருப்பார்கள். பெண்களுக்குத் தங்கள் படம் எந்த ஃபோனில் போய் நிற்குமோ என்ற கவலை இருக்கும். இணையத்தில் போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் அதைக் காப்பாற்றுங்கள். வேண்டாம் என்றவரிடம் காய் வாங்கிக்கொண்டு, அடுத்த வாரமும் அவர் கடைக்கே போங்கள், கேமரா பைக்குள் இருக்கட்டும்.

சம்மதித்தவர்களுக்கு அடுத்த சந்தையன்றே பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று நினைக்காதீர்கள். அவர் அதைப் பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டுவார், ‘எங்களையெல்லாம் எடுக்கமாட்டீங்களா?’ என்று அந்தக் கடைக்காரர் உங்களைக் கேட்பார். பையில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயர், ஊர், எத்தனை பிரதி வேண்டும் என்று அங்கேயே எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.