செவன் சிஸ்டர்ஸ் புல்மேட்டில் கோடை நடை: கேள்வி பதில்

தென் இங்கிலாந்தில், சீஃபோர்டுக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் நடுவே கடலை ஒட்டிக் கிடக்கும் செவன் சிஸ்டர்ஸ் என்ற சுண்ணாம்புப் புல்மேடுகளைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் பிள்ளைகளோடு போகிறோம். எதைப் பார்ப்பது?

காலடியைப் பாருங்கள். கடலோரத்து வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையைப் படமெடுத்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். நல்ல புல்வெளியில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடிகள் வரை இருக்கும். மண் மெலிந்தது, சத்துக் குறைவு. அதனால் எந்தச் செடியும் மற்றதை அமுக்கிவிட முடிவதில்லை. ஊதாப் பூக்களில் கருப்பும் சிவப்புமாக ஒரு அந்துப்பூச்சி பகலிலேயே உட்கார்ந்திருந்தால், முன்சிறகின் புள்ளிகளை எண்ணச் சொல்லுங்கள். ஆறு இருந்தால் சிக்ஸ்-ஸ்பாட் பர்னெட். உடம்பில் சயனைடு என்ற நஞ்சை வைத்திருப்பதால் பறவைகளைக் கண்டு அதற்குப் பயமில்லை.

நீல வண்ணத்துப்பூச்சி ஒன்றைப் படமெடுத்தேன். அடோனிஸ் புளூவா, காமன் புளூவா?

சிறகின் வெள்ளை ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மெல்லிய கருங்கோடுகள் அதைக் குறுக்கே வெட்டினால் அடோனிஸ்; சுத்த வெள்ளையாக இருந்தால் காமன் புளூ. வெளிறிய வெள்ளி நீலம் என்றால் சாக்ஹில் புளூ, ஆகஸ்ட் தொடக்கத்தில் அதுதான் அதிகம். அடோனிஸின் புழு தின்பது ஹார்ஸ்ஷூ வெட்ச் என்ற மஞ்சள் பூச்செடியை மட்டும். புழு சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைச் சுற்றிக் காவல் நிற்கும். மண்ணுக்குள் புதைத்தும் பாதுகாக்கும்.

ஆடுகளை ஏன் மேய விடுகிறார்கள்? புல் வளர்ந்தால் நல்லதுதானே?

இந்த இடத்துக்கு நல்லதல்ல. இங்கிலாந்து அடோனிஸுக்கு வடக்கு எல்லை. வெயில் நேராக மண்ணைச் சுடும் குட்டைப் புல் இருந்தால்தான் அதன் புழு வளரும். 1953இல் மிக்சோமடோசிஸ் நோய் வந்து முயல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மேய ஆளில்லாமல் புல் உயர்ந்தது, முட்புதர் ஏறியது, அடோனிஸ் பல இடங்களில் அற்றுப்போனது. பிறகு மேய்ச்சலைத் திருப்பிக் கொண்டுவந்த மேடுகளில்தான் மறுபடி பெருகியது. ஆடு இல்லாவிட்டால் இந்த மேடு சில பத்தாண்டுகளில் புதர்க்காடு.

வானம்பாடி பாடுவது கேட்கிறது, கண்ணில் படவே இல்லை?

தலைக்கு மேலே வெகு உயரத்தில் ஒரு புள்ளியாக நிற்கும். பாட்டு நின்றதும் சட்டென்று இறங்கும், அப்போது பார்த்துவிடுங்கள். கூடு கட்டுவது தரையில். நாயைக் கயிற்றில் வைத்திருங்கள்.

பாம்பு உண்டா?

உண்டு. முதுகில் வளைவு வளைவான கருங்கோடு ஓடினால் ஆடர், விரியன் இனம், பிரிட்டனின் ஒரே நச்சுப்பாம்பு. தொந்தரவு செய்யாதவரை ஒதுங்கிப் போய்விடும். கடித்தால் உடனே மருத்துவமனை.

பாறை விளிம்பில் நின்று கடற்பறவைகளைப் பார்க்கலாமா?

வேண்டாம். அடியில் சுண்ணாம்பு சரிந்து, மேலே புல் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும், மேலிருந்து தெரியாது. ஃபுல்மாரைப் பார்க்க சற்றுத் தள்ளி நின்றாலே போதும். கடற்காகம் போல இருக்கும், ஆனால் சிறகை அசைக்காமல் விறைப்பாக மிதக்கும். அதன் கூட்டுப் பக்கம் போனால் நாற்றமடிக்கும் எண்ணெயைத் துப்பும். கீழே கடற்கரையிலும் பாறையடியில் உட்காராதீர்கள்.