பழைய கோவிலில் கச்சேரி வைக்கலாமா?

கேள்வி: கருங்கல் பக்கம் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் புதுக் கோவில் கட்டிவிட்டோம். சுண்ணாம்புச் சுவரும் தேக்குக் கழுக்கோலும் (ஓட்டைத் தாங்கும் மரச்சட்டம்) ஓட்டுக் கூரையுமாக நிற்கும் பழைய கோவிலை இடிக்க மனமில்லை. இசை, நாடகம், கல்யாண வரவேற்பு நடத்தும் அரங்கமாக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஆயர் (பிஷப்) இல்லத்திலிருந்து. கொத்தனாரெல்லாம் அப்புறம். திருச்சபைச் சட்டம் 1222-இன்படி, கோவிலை வழிபாடு அல்லாத உபயோகத்துக்கு விடுவது ஆயரின் அதிகாரம். அந்த உபயோகம் இழிவானதாக இருக்கக் கூடாது. கட்டிடம் உறுதியாக இருப்பதால், வலுவான காரணம் காட்ட வேண்டும். ஆயருக்கு ஆலோசனை சொல்லும் குருக்கள் மன்றத்தின் கருத்தையும் கேட்டே ஆயர் முடிவெடுப்பார். வரவேற்பை விட்டுவிடுங்கள். வாடகை வரும்தான், ஆனால் பந்தி முடிந்து தளத்தைக் கழுவிவிடும் தண்ணீர் சுவருக்குள் ஏறும்.

அடுத்தது எதிரொலி. உள்ளே 25 மீட்டர் நீளம், 10 அகலம், 9 உயரம் என்று வையுங்கள்: 2250 கன மீட்டர். அதை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், சத்தம் அடங்க எத்தனை நொடி என்று வரும். உறிஞ்சும் பரப்பு 90 சதுர மீட்டர் என்றால் 4 நொடி. ஆட்களும் ஒலியை உறிஞ்சுவார்கள்; ஆளுக்குச் சுமார் அரை சதுர மீட்டர் கணக்கு. 200 பேர் உட்கார்ந்தால் 2 நொடிக்குச் சற்றுக் கீழே இறங்கும். பாடகர் குழுவுக்கு அருமை. மிருதங்கத்தில் வேகமான சொற்கள் குழம்பும். நாடக வசனத்துக்கு 1 நொடியை ஒட்டி இருக்க வேண்டும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, இழுத்து மூடும் கனமான திரை போடுங்கள். பெரிய ஸ்பீக்கர் இரண்டைவிட, ஆட்களுக்குப் பக்கத்தில் சின்னதாகப் பல வைப்பது மேல்.

ஜிப்சம் சீலிங் போடலாம் என்று யாராவது வருவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர். ஓடு ஒழுகுவதும் கழுக்கோலில் கறையான் ஏறுவதும் கண்ணில் படாது. சிமெண்ட் பூச்சும் வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல், இடுப்பு உயரத்தில் உப்புப் பூத்து, பெயிண்ட் அப்பளமாக உரியும். சுண்ணாம்பே பூசுங்கள்.

மேடை கழற்றி மாட்டுகிற மரமேடையாக இருக்கட்டும்; பீடத்தில் போல்ட் அடிக்க வேண்டாம். வயரிங் முழுக்கப் புதிது. உள்பக்கம் திறக்கும் பழைய கதவுகளை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள்; தீயணைப்புத் துறையிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

செலவில் இறங்குமுன் டிசம்பரில் ஒரு கரோல் மாலை நடத்திப் பாருங்கள். திருச்சபைச் சட்டத்தின் 1210-ஆம் பிரிவு, இடத்தின் புனிதத்துக்கு மாறில்லாத தனி நிகழ்ச்சிக்கு ஆயர் அனுமதி தர இடம் கொடுக்கிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்து பாட்டின் சொற்கள் புரிகிறதா என்று மட்டும் கேளுங்கள்.